சனிக்கிழமைத் தம்புரா

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிக்கந்தராபாத்.
தை மாதம், 1937.

சௌபாக்கியவதி மங்கையர்க்கரசிக்கு அப்பா நடேசன் எழுதுவது. முருகன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், அங்கே ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சிசுவும் நன்றாக இருப்பதாக அடுத்த கப்பல் தபாலில் தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இருக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். பயந்துவிடாதே, காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லை. வளைகாப்பு முடிந்ததும் மாசியில் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவதாக மாப்பிள்ளை எழுதிய கடிதம் கிடைத்தது. உன் அம்மா அன்றைக்கே பழைய வேட்டிகளைத் துவைத்துக் குழந்தைக்குத் துணி கிழிக்க ஆரம்பித்துவிட்டாள், நான் கட்டிக்கொண்டிருப்பதையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

வரும்போது வயலினைக் கொண்டுவரட்டுமா, உங்களுக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் நாலு தாள் எழுதியிருப்பேன். தோடியைத்தான் கேட்பேன் என்று உனக்கே தெரியும். அதுவும் அவசரமில்லாமல், நீள வில்லாகப் போட்டு, காந்தாரத்தில் வந்து நின்றால் அந்த அசைவிலேயே நிற்க வேண்டும், உடனே மேலே ஏறி வித்தை காட்டக்கூடாது. இந்த நாளில் வாசிக்கிறவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி வாசிக்கிறார்கள் என்று நான் திட்டுவதும் நீ சிரிப்பதும் வழக்கந்தானே. நாகசுரத்தில் கேட்ட தோடியை வயலினில் தேடாதீர்கள் அப்பா, அது காற்று, இது கம்பி என்று ஒருநாள் என்னையே மடக்கினாய். நீ சொன்னது சரிதான், ஆனாலும் நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன். இனித் தேடுவதற்கும் வழியில்லை மங்கை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

பாய்லருக்குள் உட்கார்ந்து ரிவெட்டுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிக்கிறவன் நான், வெளியேயிருந்து சம்மட்டி போடுகிறவன் மஹபூப். ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கிறவன் தலையில்தான் விழும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து அவன் கொடுக்கும் குரல் கேட்காது, கை போய்விடும். எங்கள் பாய்லர் ஷாப்பில் வயசானவர்கள் எல்லோரும் கத்திப் பேசுகிறவர்கள்தான், அது அந்த வேலையோடு வருகிற குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் மஹபூப் என் தோளைப் பிடித்து, அவன் உருதுவில், கைக்கு சில்லாரா மியான், அதாவது ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கேட்டான். நானா கத்துகிறேன், உனக்குத்தான் காது கூர்மையாகிவிட்டது என்று அவனைக் கேலி செய்தேன். ரயில்வே டாக்டர் அப்புறம் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, மீதியும் நிற்காது என்று சொல்லிவிட்டார். முதலில் போவது மெல்லிசான சத்தந்தானாம். ஷாப்பில் சங்கு ஊதுவதும் இரும்பு விழுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பஜனைக்குத் தம்புராவைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை, இந்தக் காலனியில் வேறு யாரும் அதன் பிருடையைத் தொட்டுத் திருக மாட்டார்கள். ஆடி மாதத்திலிருந்து அதன் நாதம் மொட்டையாகத் தெரிந்தது. தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவாளி நூலை மாற்றிப் பார்த்தேன், பட்டு வைத்தேன், பருத்தி வைத்தேன், அந்த ரீங்காரம் வரவே இல்லை. குடம் விரிசல் விட்டிருக்கும் என்று தம்புராவைத் திட்டினேன். வயலின் வாசிக்கிற பாலச்சந்திரனை, வில்லுக்குப் பிசின் தடவக்கூட வலிக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, தடவிக்கிறேன் மாமா என்றான். சூசைராஜ் மிருதங்கத்தில் இடப்பக்கத்துத் தொப்பியின் கனத்த சத்தம் மட்டும் கேட்டது, வலந்தலையில் அவன் விரல்கள் ஆடுவதைப் பார்க்கத்தான் பார்த்தேன், உனக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றேன். மாதா கோயிலில் வாசித்துவிட்டு நேரே நம் பஜனைக்கு ஓடி வருகிறவனைப் பார்த்து இப்படிச் சொன்னேன்.

நான் சுருதி சேர்த்து முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு வாரமும், தேங்காய் உடைக்க வாங்க என்று என்னைப் பஜனைக் கொட்டகைக்கு வெளியே குழாயடிக்குக் கூப்பிடுவாள். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை உடைத்த காய் அழுகலாக இருந்தது. வேறு எடுக்க உள்ளே திரும்பினேன். சூசைராஜ் மடியில் தம்புரா இருந்தது. பாலச்சந்திரன் வயலினில் ஷட்ஜத்தை இழுத்துக் கொடுக்க, இவன் பிருடையைத் திருகிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வழக்கமாக நடக்கிற காரியம்போல் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா வாசலில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எத்தனையோ வாரமாக இது நடந்திருக்கிறது, தேங்காய் என்பது என்னை வெளியே அனுப்பும் ஏற்பாடு. சூசைராஜ் எழுந்து வந்து என் காதருகே, அண்ணே, நீங்க சேர்த்துக் குடுத்தாத்தான் பஜனை, அப்புறம் நாங்க லேசாத் தொட்டுக்கிறோம், அதுல என்னண்ணே இருக்கு என்றான். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் என்று உன் அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். அவர்கள் பிரியம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மங்கை, அன்றைக்கு என்னை யாராவது அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு நான் பஜனைக்குப் போகவில்லை. பாலச்சந்திரனிடம் மட்டும் போய், பிசின் போதும் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காதுதானே போகிறது, கேட்டதெல்லாம் மனசில் பத்திரமாக இருக்கிறதே என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். பாய்லருக்குள் அத்தனை இடியிலும் என் மனசுக்குள் தோடி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சம்மட்டி அதைத் தொட்டதே இல்லை. இப்போது அந்த நம்பிக்கையும் போய்விட்டது. தம்புராவை மனசிலிருந்த ஷட்ஜத்தை வைத்துத்தானே சேர்த்தேன், அதுதான் சரி என்று சத்தியம் செய்திருப்பேனே. அப்படியானால் மனசில் இருப்பதும் கொஞ்சங் கொஞ்சமாக விலகிக்கொண்டிருக்கிறது, விலகுவது எனக்கே தெரியவில்லை. உள்ளே ஓடுவது தோடிதானா என்று யாரைக் கேட்பேன்? உன் அம்மாவுக்குப் பாடிக் காட்டினால், நல்லாத்தானே இருக்கு என்கிறாள். அவள் தேங்காய்க்குக் கூப்பிட்டவள், அவளை எப்படி நம்புவது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஷிப்ட் முடிந்து கைகால் கழுவும்போது அழுகை வந்துவிடுகிறது.

ஆகையால் நீ வயலினைக் கட்டாயம் கொண்டுவா. தந்திகளைத் தளர்த்திவிட்டுப் பழைய புடவையில் சுற்றி எடுத்து வா, கடல் காற்றுக்கு மரம் இளகும். கப்பலில் எலுமிச்சை ஊறுகாய் கையோடு இருக்கட்டும், துறைமுகத்தை விட்டுத் தனியாகக் கிளம்பாதே, நான் மதராஸுக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து களைப்பு ஆறியதும் நான் உனக்குக் காந்தாரத்தைப் பிடித்துப் பாடிக் காட்டுவேன். நீ வயலினில் வைத்துப் பார்த்து, விலகியிருந்தால் விலகியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பாவாடை கட்டின வயசில், தூங்கி எழுந்த கண்ணோடு வந்து, அப்பா ரெண்டாவது தந்தி இறங்கியிருக்கு என்று சொன்னவள் நீ. எனக்கு அந்த மங்கைதான் வேண்டும். நீயும் இரக்கப்பட்டுப் பொய் சொன்னால் எனக்கு உண்மை சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ வேண்டும், கப்பலுக்குக் கடல் அடங்கியிருக்க வேண்டும் என்று தினமும் முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. வலி எடுத்ததும் உன்னை உள்ளறையில் படுக்கவைப்பார்கள், நான் வராந்தாவில் நிற்பேன். நீ பிறந்தபோதும் அங்கேதான் நின்றேன். உன் முதல் அழுகையைக் கேட்டதும், மேல் ஷட்ஜம் என்று கத்தி மருத்துவச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை அது எனக்குக் கேட்காது. குழந்தை அழுததும் யாராவது வெளியே வந்து என் கையைத் தொட வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை. சந்தோஷத்தில் அவர்கள் மறந்துவிடுவார்கள், நான் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பேன்.

உன் அப்பா
நடேசன்