கரையில் நிற்கும் ஆள்

நீர்வேலி,
03.03.2025.

அன்பின் குணம்,

நலம். உமது சுகமும் அக்கா வீட்டாரின் சுகமும் அறிய ஆவல். "போனில் நடந்து நடந்து கதைக்கிறீங்கள், மூச்சு மட்டும்தான் கேட்குது, ஓரிடத்தில் இருந்து எழுதினால் வாசிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனை வெட்டினீர். இதோ, இருந்து எழுதுகிறேன். நடுவில் ஒருதரம் எழும்பி வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு வந்ததை மட்டும் மன்னியும்.

விஷயம் இதுதான். ஏப்ரல் ஆறாம் திகதி மயிலிட்டிக் கடலில் ஒரு போட்டி வைக்கிறார்கள். முதலில் எழுநூற்றைம்பது மீற்றர் நீந்த வேண்டும். கரையேறிய கையோடு சைக்கிளில் இருபது கிலோமீற்றர், பிறகு ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். இடையில் ஓரிடத்திலும் இருக்கத் தேவையில்லை. எனக்கென்றே யோசித்து வைத்தது போல இல்லையா? ஐம்பத்தைந்து வயதில் இந்தாளுக்கு விசர் என்று நீர் சொல்வது இங்கே கேட்கிறது. ஆறு மாதமாகப் பழகுகிறேன். கீரிமலைக் கேணியில் தொடங்கி இப்போது கடலுக்குள் இறங்குகிறேன். ஆழம் என்றால் இன்னும் பயம்தான்.

ஒரு சிக்கல். ஐம்பது வயது தாண்டியவர்கள் கரையில் நிற்க ஒருவரைக் கூட்டி வர வேண்டுமாம். பெயர் பதிகிற பிள்ளை றொசாந்தி, "உங்கடை ஆள் ஆர், ஐயா?" என்று பேனையோடு நின்றாள். மகன் பிரவீணன் மெல்பேர்ணில். தம்பி லண்டனில். உமது பெயரைச் சொல்லிவிட்டேன்.

கோபிக்க வேண்டாம். ஒரு பதில் போடும்.

அன்புடன்,
கதிரவேலு


சாவகச்சேரி,
10.03.2025.

பிரவீணனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு மட்டும் முழங்கால் நோ.

நீந்துங்கள், ஓடுங்கள், ஏலுமென்றால் பறந்தும் பாருங்கள். என் பெயரை எதற்குக் கொடுத்தீர்கள்? 'ஆள்' என்ற சொல்லை எனக்கு எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா?

நீங்கள் மறந்திருப்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வயிற்றில் ஒப்பரேசன் முடித்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கம். நேர்ஸ் பிள்ளை, "குணலட்சுமியின்ரை ஆள் ஆர்?" என்று கூப்பிட்டாள். மூன்று தரம் கூப்பிட்டாள். வாங்கில் குந்தியிருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரியின் தாய்தான் எழும்பி வந்து என் உடுப்புப் பையை வாங்கிப் பிடித்தா. முப்பது வருஷம் சமைத்துப் போட்ட எனக்கு அந்த இடத்தில் ஓர் ஆள் இல்லை.

நான் அக்கா வீட்டுக்கு வந்தது அதனால்தான். அக்காவின் முழங்காலைப் பார்க்கப் போயிருக்கிறா என்று நீங்கள் ஊருக்குச் சொல்லித் திரிவதும் எனக்குத் தெரியும்.

என் பெயரை வெட்டிவிடுங்கள்.

குணலட்சுமி


நீர்வேலி,
15.03.2025.

அன்பின் குணம்,

உமது கடிதத்தை எழும்பாமல் நாலு தரம் வாசித்தேன்.

அன்று தேத்தண்ணி குடிக்கப் போனேன் என்று சொன்னேனே, அது பொய். உம்மை உள்ளே கொண்டு போய்க் கதவைச் சாத்தியதும் என் கால் நிற்கவில்லை. வாங்கில் இருந்தேன், எழும்பினேன், திரும்பவும் இருந்தேன். பிறகு வெளியே இறங்கி பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று முடிந்ததும் திரும்பிப் போயிருக்கலாம். போனால் என்ன சொல்லப் போகிறார்களோ என்ற பயத்தில் இன்னொரு சுற்று. அப்படியே ஒன்பது சுற்று. பயந்துவிட்டேன் என்று உமக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இதைச் சொன்னதால் எல்லாம் சரியாகிவிடாது என்று தெரியும். பெயரை வெட்டச் சொன்னீர், வெட்டப் போனேன். "அப்ப வேறை ஆர், ஐயா?" என்று றொசாந்தி கேட்டாள். வெட்டாமலே திரும்பி வந்துவிட்டேன். நீர் வராவிட்டாலும் அந்தப் பெயர் அதிலேயே கிடக்கட்டும்.

ஆறாம் திகதி, காலை ஆறரை மணி.

கதிரவேலு


நீர்வேலி,
07.04.2025.

அன்பின் குணம்,

உம்மிடமிருந்து பதில் வரவில்லை. இருந்தாலும் முதலில் உமக்குத்தான் எழுத வேண்டும் போலிருந்தது. முடித்துவிட்டேன்! கடைசி ஆள் நான்தான். எனக்குப் பின்னால் வந்தது அம்புலன்ஸ் மட்டும்.

ஆள் எங்கே என்று காலையில் றொசாந்தி கேட்டாள். வந்துகொண்டிருக்கிறா என்று பொய் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். பாதித் தூரத்தில் நீரோட்டம் இழுத்தது. உப்புத் தண்ணீர் குடித்தேன். கை ஓய்ந்துபோய்க் காவல் படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பிடித்து மூச்செடுக்கலாம், ஏறினால்தான் போட்டி முடிந்தது. படகுக்காரர் போனில் கரையோடு ஏதோ கதைத்தார். பிறகு, "உங்கடை ஆள் விடச் சொல்லுறா. ஆறுதலா நீந்துங்கோ" என்றார். றொசாந்திதான் சொல்லியிருப்பாள். நல்ல பிள்ளை.

முடிவில் பெயர் வாசித்துப் பதக்கம் போட்டார்கள். மற்றவர்களுக்கு வீட்டுக்காரர் கை தட்டி, கட்டிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "கதிரவேலு" என்று வாசித்தபோது சத்தமே இல்லை. அப்போதுதான் குணம், உம்மைத் தள்ளிக்கொண்டு வந்த அந்தக் கட்டில் எனக்கு விளங்கியது. அதுவரை விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

பதக்கத்தைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நேற்றிலிருந்து சும்மா இருக்கிறேன். எழும்ப மனமில்லை.

கதிரவேலு


சாவகச்சேரி,
09.04.2025.

இஞ்சாருங்கோ,

றொசாந்தி நல்ல பிள்ளைதான். ஆனால் விடச் சொன்னது நான்.

வருகிற எண்ணமே இருக்கவில்லை. சனிக்கிழமை முழுக்க அக்காவில் எரிந்து விழுந்தேன். ஞாயிறு விடிய ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்தேன். போய்ச் சேர நீங்கள் எல்லோரும் தண்ணீருக்குள். தலைகள் மட்டும்தான் தெரிந்தன, எது உங்களுடையது என்று தெரியவில்லை. உங்கள் நம்பர் நாற்பத்தேழு என்று சொல்லிப் பந்தலில் ஒரு கதிரை தந்தார்கள். இருந்தேன். ஒவ்வொருவராகக் கரையேறினார்கள், உங்களைக் காணவில்லை. எழும்பிவிட்டேன். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலவில்லை. நடக்கத் தொடங்கினேன். வலை காயப் போட்டிருந்த இடம் தாண்டி, துறைமுக வாசல்வரை போய்விட்டேன்.

அங்கேதான் ஒலிபெருக்கி கேட்டது. "நாப்பத்தேழாம் நம்பரின்ரை ஆள் ஆர்? பந்தலுக்கு வாங்கோ." அது மூன்றாம் தரமாம். முதல் இரண்டும் எனக்குக் கேட்கவில்லை. கூப்பிட்ட நேரம் நான் அங்கே இல்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒப்பரேசன் செய்த வயிற்றோடு. "நான்தான், நான்தான் ஆள்" என்று கத்தினேன். படகில் ஏற்றவா விடவா என்று கேட்டார்கள். ஏற்றுங்கள் என்றுதான் வாய்க்கு வந்தது. ஆனால் ஏற்றினால் அதை நினைத்து நினைத்து ஆயுள் முழுக்க நடப்பீர்கள். "விடுங்கோ, அவர் வருவார்" என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் விளிம்புவரை போய் நின்றேன்.

வந்தீர்கள். என்னிலிருந்து நாலு முழத்தில் கரையேறி, இடம் வலம் பார்க்காமல் சைக்கிளுக்கு ஓடினீர்கள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. வந்த கோபத்தில் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது என் பிழை. கை தட்ட நான் நின்றிருக்க வேண்டும்.

ஒன்பது சுற்று என்று எழுதியதை அப்போது நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

வருஷப் பிறப்பன்று மத்தியானம் சாப்பிட வாருங்கள். பதக்கத்தையும் கொண்டு வாருங்கள், அக்காவுக்குக் காட்ட வேண்டும். கை கழுவிய உடனே மோட்டரைப் பார்க்க வேண்டும், தண்ணீர் மாற வேண்டும் என்று ஒன்றும் சொல்லக் கூடாது. மாமரத்துக்குக் கீழே இரண்டு கதிரை போட்டு வைக்கிறேன்.

வந்து இருங்கோ.

குணம்