பாலத்துக்கு வரும் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, ரெஃபிக் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆற்றைக் குழாய்க்குள் திருப்பி மின்சாரம் எடுக்க வருகிறவர்களை மறித்து, நீங்களும் ஊர்ப் பெண்களும் இன்னும் பாலத்திலேயே உட்கார்ந்திருப்பதாக ஸெஹ்ரா அக்கா சொன்னாள்.

இங்கே எங்கள் ஆலையில் ஒரு வேடிக்கை. இரண்டு மாதமாக, ஆற்றுத் தண்ணீரில் சுழன்று மின்சாரம் எடுக்கும் ஒரு டர்பைனுக்கு வெல்டிங் வைத்தேன். நேற்று அதைப் பெட்டியில் அடைத்து முகவரி ஒட்டினார்கள். பார்த்தால் போஸ்னியா, நம் ஊர், நம் ஆறு! நீங்கள் அங்கே பாலத்தை மறித்து உட்கார்ந்திருப்பதை மேஸ்திரியிடம் சொன்னேன்.

"புகை வராத கரண்டுப்பா, உலகத்துக்கே நல்லதுதானே! உங்கம்மாவுக்கு ஏதாச்சும் கொடுக்கணும்னா சொல்லு, பெட்டியிலேயே வச்சு அனுப்பிடலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேலையையாவது மோசமாகச் செய்திருக்கலாம். என் வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை என்று சோதித்து முத்திரையும் குத்திவிட்டார்கள்.

இங்கே குளிர் அதிகம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நம் ஆற்று மீன் புகையில் வாட்டியது மிச்சமிருந்தால், அதிலும் கொஞ்சம்.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. அந்தப் பெட்டியை ஏற்றிய லாரி வியாழக்கிழமை கிளம்புகிறது. பாலத்தில் தடித்த போர்வையாக விரித்து உட்காருங்கள் அம்மா. யார் சொன்னாலும் எழுந்திருக்காதீர்கள்.

உங்கள் மகன்
ரெஃபிக்