சம்பந்தியைத் தெரியாது என்றேன்

கியோத்தோ, யமாஷினா
ஜூன், மழை பிடித்துக்கொண்ட நாள்

அன்பு மகள் சிசாத்தோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஸாஸாவும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே தூர தேசத்தில், குதைசி ஊரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் காலையில் சாமி மாடத்தின் முன் கைதட்டி வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு இந்த ஈரக்காற்றில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாரா வாரம் திரையில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று யோசிப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் எடுத்தேன். நேற்று நீ கூப்பிட்டபோது அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னாளே, நான் குளிக்கவில்லை. அவள் பக்கத்தில்தான், திரையில் விழாதபடி ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். உன் மாமனார் மாமியார் ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து ஒரே புகழ்ச்சியாம், "அப்பா அவங்கள ராஜா ராணி மாதிரி பாத்துக்கிட்டாராம்மா, எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா" என்று நீ சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. நீ சிரிக்கச் சிரிக்க எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லாமல் விடுகிறேன். அவளுக்கும் அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் தெரியும். அதிலிருந்து நேரத்துக்குச் சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

முதல் இரண்டு நாளும் ஒரு குறையுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுஷிமி இனாரி கோவிலில் அந்தச் சிவப்பு வாயில்களுக்குள் நுழைந்து நுழைந்து மலை உச்சி வரைக்கும் போனோம். எனக்கு மூச்சு வாங்கியது, உன் மாமனார் குராம் நரிச் சிலை ஒவ்வொன்றுக்கும் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டே ஏறினார். உன் மாமியார் நனுலி அம்மாவுக்கு வாடகை கிமோனோ உடுத்திப் பார்க்க ஆசை. அவர் அளவுக்குத் துணி போதாமல் கடைக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள், கட்டி முடிப்பதற்குள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நிஷிகி சந்தையில் ஊறுகாய்க் கடைக்குக் கடை ருசி பார்த்து, பார்த்த கடையில் எல்லாம் வாங்கினார்கள். அந்த மனிதர்கள் எதைச் செய்தாலும் முழு மனசோடு செய்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று அவர்கள் பேசும் சத்தத்துக்காகக் கடைக்காரர்களிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கடைக்காரர்கள் யாருமே முகம் சுளிக்கவில்லை. நான் மட்டும்தான் குனிந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஷிஜோ பக்கம் விளையாட்டுக்கூடத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கி இறங்கி பொம்மையைத் தூக்குமே, அந்த மெஷின். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஒரு கரடி எடுக்காமல் நகரமாட்டேன் என்று குராம் குழந்தை மாதிரி பிடிவாதம் பிடித்து, கடைசியில் எடுத்தேவிட்டார். சின்னக் கரடியில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை உயரம் இருக்கும். (அது தனிப் பார்சலாக வருகிறது, சுங்கத்தில் கேட்டால் பொம்மை என்று சொல்.) அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். சாயங்கால நேரம், வேலை விட்டுப் போகிறவர்கள், பிதுங்கும் கூட்டம். அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை, கரடியின் தலையைப் பிடித்து அமுக்கி, ஏறுகிறவர்களுக்கெல்லாம் நம்மூர்ப் பாணியில் வணக்கம் வைக்கச் செய்தார், நனுலி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் கரடிக்குத் திரும்ப வணக்கம்கூடச் சொன்னாள். நான் முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் நிஷிவாக்கி அம்மாள் நிற்பதைப் பார்த்தேன், நம் தெரு முனை வீடு, தெருச் சங்கத்தில் எனக்குத் துணையாக இருப்பவர். இந்த வருஷம் முறைப்படி சங்கத் தலைவர் பொறுப்பு நம் வீட்டுக்கு வந்திருப்பது உனக்குத் தெரியும். நம் நிறுத்தத்தில் 'பேருந்தில் பெரிய பொருள்களைக் கொண்டு வராதீர், உரக்கப் பேசாதீர்' என்று சுற்றுலா வருகிறவர்களுக்காகப் படம் போட்டு அறிவிப்பு ஒட்டியவனும் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நிஷிவாக்கி அம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ கலகலன்னு இருக்கு, கேக்கவே நல்லாருக்குங்க" என்றார். கியோத்தோவில் பிறந்த பெண்ணுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டாம், அந்தக் குரலில் அதைச் சொன்னால் வாயை மூடச் சொல்கிறார்கள் என்று பொருள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் விடவில்லை. "தலைவரே, நீங்க அவ்ளோ மெனக்கெட்டு எழுதி ஒட்டினீங்க, யாரு படிக்கறா? அது சரி, அவங்க உங்களோட வந்தவங்களா?" என்றார். ஆமாம், என் சம்பந்தி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா. "ஐயய்யோ, இல்லைங்க. யாருன்னே தெரியாது. இந்த டூரிஸ்ட்காரங்க தொல்லை வர வர தாங்க முடியலீங்க." சொன்னேன், சொல்லிவிட்டு அந்த அம்மாளோடு சேர்ந்து சிரிக்கவும் சிரித்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை சிசாத்தோ. ஒரு தெருக்காரியின் முன்னால் என் அறிவிப்புக்கு மரியாதை போய்விடக் கூடாதென்ற ஒரே காரணத்துக்காகச் சொன்னேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் நீ குராமின் கைப்பேசியில் அந்த மொழிபெயர்ப்பை ஏற்றி, பக்கத்தில் யார் நம் பாஷை பேசினாலும் தானாகவே அவர்கள் எழுத்தில் காட்டும்படி செய்து அனுப்பியிருந்தாயே, அதை அவர் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். கூட்டம் நெருக்கி நெருக்கி அவரை எனக்கு முதுகுப் பக்கமாகவே கொண்டுவந்து விட்டிருந்தது, எனக்குத் தெரியாது. திரும்பியபோது திரை வெளிச்சமாக இருந்தது. அவர்கள் எழுத்து ஒன்றும் எனக்குப் படிக்கத் தெரியாது, கொடிச் சுருள் போல ஒரு வரி ஓடி நின்றிருந்தது. அவர் அதைக் குனிந்து படித்தார். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கரடியை மார்போடு அணைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நனுலி அம்மா ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார், அதோடு அந்த அம்மாவின் சிரிப்பும் நின்றது. மெஷின் தப்பும் தவறுமாக ஏதாவது மாற்றியிருக்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இறங்கியபோது நானும் நிஷிவாக்கி அம்மாளும் முன்னால் நடந்தோம், திரும்பிப் பார்க்கிறேன், அவர்கள் இரண்டு பேரும் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார்கள். குராம் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிஷிவாக்கி அம்மாள் முனை திரும்பி மறைந்த பிறகுதான் நிமிர்ந்து என்னை நோக்கி நடந்து வந்தார். நான் சொன்ன பொய்யை எனக்காக அவர் காப்பாற்றிக் கொடுத்தார் கண்ணு. கயிறுதான் அவிழ்ந்திருக்கும் என்று மறுநாள் வரைக்கும் நம்ப முயன்றேன்.

அந்தப் பொய்க்காவது ஆயுசு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நிஷிவாக்கி அம்மாள் ஒரு டப்பா கத்திரிக்காய் ஊறுகாயோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே நுழையும் இடத்தில் குராமின் ஷூ ஜோடி கிடக்கிறது, ஒவ்வொன்றும் தோணி மாதிரி. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, தலைவரே, இந்த வயசுல உங்க கால் இப்படி வளந்துடுச்சே" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதவங்களுக்கும் ரெண்டு குடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா சமையலறையிலிருந்து யாரு என்று கேட்டாள். யாரோ என்றேன்.

மறுநாள் நாரா போனோம். ரயிலில் ஏறியதும் குராம் எனக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, அந்தப் பெட்டியின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன், பரவாயில்லை என்பது போல உள்ளங்கையைக் காட்டினார். நனுலி அம்மாவும் அவர் பின்னாலேயே போனார். மானுக்கு ரொட்டி போடும்போது, நீயும் சின்ன வயசில் செய்வாயே, நனுலி அம்மா குனிந்தார், மான் குனிந்தது, மறுபடி குனிந்தார், அதுவும் குனிந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்திச் சிரித்திருப்பார்கள். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கப் பயம் கற்றுக்கொடுத்தது நான். அதைப் பார்த்தபோதுதான் கயிறு அவிழவில்லை என்று எனக்குள் ஒப்புக்கொண்டேன். ஓசாகாவில் இன்னும் மோசம். தோதோன்போரியில் ஆக்டோபஸ் உருண்டை வாங்க வரிசையில் நின்றோம், கடைக்காரப் பையன் ஓசாகாக்காரன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா. "அண்ணே, பின்னாடி நிக்கற மலை உங்காளா? ஒரு தட்டு பத்தாதே, நாலு தட்டா போட்டுடவா?" என்று குராமைக் காட்டிக் கேட்டான். ஆமாம்ப்பா, என் ஆள்தான் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன், சத்தியமாகத் திறந்துவிட்டேன். அவன் விரல் தன் பக்கம் நீண்டதைப் பார்த்ததுமே குராம் பாஷை புரியாமலேயே புரிந்துகொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, நனுலி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.  அம்மா அன்று கூட வந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பாள், முழங்கால் வலியால் வீட்டிலிருந்தாள்.

அன்று சாயங்காலம் கரோக்கே பாட்டு அறைக்குக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது என்று சுவரைத் தட்டிக் காட்டினேன். அவர்கள் நாட்டுப் பாட்டு மெஷினில் இல்லை. குராம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தானாகவே பாடினார், நனுலி அம்மா கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் இந்தக் குரலையா நான் தொல்லை என்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் கைப்பேசியை வாங்கி, அன்று பேருந்தில் நான் சொன்னது என்று எழுத ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் அறை நம்முடையது என்று சுவரிலிருந்த தொலைபேசி மணியடித்தது, அந்தச் சாக்கில் முழுவதையும் அழித்துவிட்டு, குடிக்க என்ன வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பீர் என்றார்.

விமான நிலையத்தில், சோதனைக்குப் போகும் வரிசைக்கு முன்னால் நின்று, அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார் நனுலி அம்மா. குராம் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் ஏதோ சொன்னார், அது அந்த உணர்ச்சியில்லாத பெண்குரலில் நம் பாஷையில் சொன்னது: "அக்டோபரில் வாருங்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் நான் உங்கள் பக்கத்திலேயே உட்காருவேன்." நான் அவர் கண்ணைப் பார்த்தேன். குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டிருப்பேன். குத்தல் இல்லை. அந்த மனிதர் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் ஊரில் நான் அந்நியனாக நிற்கும்போது பயப்பட வேண்டாம் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா, குனிந்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நிமிர்ந்தபோது அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியில் அம்மா, "எதுக்குங்க அவரு பஸ்ஸைப் பத்திச் சொன்னாரு" என்று கேட்டாள், அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

இப்போது அவர்கள் உன்னிடம் என்னைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழை நான் வைத்துக்கொள்ள முடியாது சிசாத்தோ. இவ்வளவு நேரமும் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களிடம் காட்டாதே என்றுகூட ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். வேண்டாம், நீ வாசித்துக் காட்டு. மெஷின் வேண்டாம், உன் வாயால், அவர்கள் பாஷையில், ஸாஸாவும் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் வைத்து வாசி. அப்பாவுக்காக எதையும் மெழுகாதே, யாருன்னே தெரியாது என்றதை அப்படியே சொல், தொல்லை என்றதையும் சொல், கூடச் சிரித்ததையும் சொல். எல்லாம் கேட்ட பிறகும் அக்டோபரில் வரலாம் என்று அவர் சொன்னால் நானும் வருகிறேன். சொல்ல மனமில்லை என்றால் அது நியாயம், அம்மாவை மட்டும் அனுப்பிவைக்கிறேன், பிள்ளை பிறக்கும்போது அவளாவது உன் பக்கத்தில் இருக்கட்டும். நிறுத்தத்தில் ஒட்டியிருந்ததை இன்று காலை கிழித்துவிட்டு வந்தேன். நிஷிவாக்கி அம்மாள் தோட்டத்தில் நின்றபடி பார்த்தார், நான் நின்று, அன்று கரடியோடு வந்தவர் என் சம்பந்தி என்று சொன்னேன். "ஊருக்கே தெரியுமே" என்றார். ஊருக்குத் தெரிந்ததை நான் மட்டும்தான் தெரியாது என்றிருக்கிறேன்.

நீ நன்றாக இரு. வயிற்றுப் பிள்ளை கை கால் சுகத்தோடு வரட்டும், உன் மாமனாரின் குரலோடு வரட்டும். அந்த வீட்டில் எப்போதும் உன் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும், அதை யாருக்காகவும் குறைத்துக்கொள்ளாதே. இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறக்காமல் போடு, தேநீரோடு போடாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அம்மா உனக்குத் தனியாக எழுதுகிறாளாம், என்ன எழுதினாலும் அத்தனையும் உண்மை.

இப்படிக்கு,
உன் அப்பா,
குராம் அவர்களின் சம்பந்தி
குனிஹிக்கோ