கோகுலனின் திகதி

டூட்டிங், லண்டன்
22.11.2009

அன்பான அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அகதி முகாமில மழையாம், உங்கட காய்ச்சல் விட்டிட்டுதோ? அம்மா சாப்பிடுறாவோ?

குடியுரிமைச் சோதினை பாஸ் அப்பா. இங்கிலாந்து ராணியின்ர வேலை, பாராளுமன்றம் எல்லாம் கடை ஷிப்டுக்குள்ளேயே பாடமாக்கினனான். சரித்திரத்தில பெயிலான உங்கட மகன்தான், சிரிக்காதேங்கோ. யுத்தத்தில செத்தவையை இங்க எந்த நாளில நினைக்கிறவை எண்டு ஒரு கேள்வி. நவம்பர் பதினொண்டு எண்டு கொம்பியூட்டரில உடனே அமத்திப்போட்டன்.

இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிக்காதேங்கோ. எங்கட தம்பி கோகுலன் வைகாசியில, கடைசிச் சண்டையில, எந்தத் திகதி இல்லாமல் போனவன் எண்டு எனக்குத் தெரியாது.

இங்கத்தைக் கோயில் ஐயரிட்டைக் கேட்டன். திகதி தெரியாட்டி வாற வைகாசி அமாவாசையில திவசம் செய்யலாம் எண்டார். நான் ஓம் எண்டு சொல்லேல்லை. தம்பிக்கு அம்மா இன்னும் ஒரு பங்கு சோறு எடுத்து வைக்கிறா எண்டு நீங்கள் எழுதினது ஞாபகம் வந்திட்டுது.

வேலைக்கு நேரமாகுது. அவன்ர படம் ஒண்டெண்டாலும் தப்பியிருந்தால் அனுப்புங்கோ. என்னட்டை இருக்கிறதில அவனுக்குப் பத்து வயசு. அம்மா கேட்டால், திவசத்துக்கு இல்லை, அண்ணை சும்மா பார்க்கத்தான் கேக்கிறான் எண்டு சொல்லுங்கோ.

உங்கள் மகன்,
தயாபரன்