பூவரசை வெட்டப்போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை

தூத்துக்குடி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் நேசக்குமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இம்மட்டும் காத்து வருகிறார், சுகமாயிருக்கிறேன், குளியலறையில் விழுந்ததில் வந்த கால் வீக்கமும் வற்றிவிட்டது. நீயும் மருமகளும் என் பேத்தி ரேச்சலும் அந்தப் பெர்த் ஊர்க் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன், இப்போதெல்லாம் சத்தமில்லாமல் உதட்டுக்குள்ளேதான் ஜெபிக்கிறேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் சிக்னல் இல்லை என்பாய், காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. நம் சபை மூப்பர் மகன் கிளைட்டன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கவர் ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அதைப் பார்க்காமலே பிரித்திருப்பாய், இப்போதாவது எடுத்து, ரெண்டு பாதியும் சேருகிறதா என்று பார். கிளைட்டன் நல்ல பையன்தான், ஆனாலும் பார். கருவாடு கேட்டாய், வைக்கவில்லை, அங்கே ஏர்போர்ட்டில் நாயை விட்டு மோப்பம் பிடிக்கிறார்களாமே, உடன்குடி சில்லுக்கருப்பட்டி மட்டும் வைத்திருக்கிறேன்.

இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது, உப்பு லாரி போகிற தூசியெல்லாம் நம் வீட்டு ஜன்னலில்தான் வந்து உட்காருகிறது. பேச்சித்தாய் காலையில் வந்து சமைத்து, துணி துவைத்து, சாயங்கால ஜெபம் முடிகிறவரை துணைக்கு இருந்துவிட்டுப் போகிறாள். நேற்று திரேஸ்புரத்திலிருந்து ஊளி மீன் வாங்கி வந்தாள், செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது, அந்தச் சிவப்பு மீனுடையதா கடைக்காரனுடையதா என்று விரலால் தேய்த்தும் பார்த்தேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும். இவ்வளவு பார்க்கிறவள் என் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்க்காமல் போனதுதான் எனக்கே ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்த கையோடு ரேச்சல் எனக்குப் போன் போட்டு அழுதாள். ஒரு பேப்பரில் பெயிலாகிவிட்டாளாம், மறுபடி எழுதப் போகிறாளாம், பாஸான பிறகு அப்பாவிடம் தானே சொல்லுவாளாம், அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது, நான் அவளுக்காக ஜெபம் மட்டும் பண்ணினால் போதும் என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், சாத்தான்குளத்தில் எங்கள் ஐயா அதற்குமேல் அனுப்பவில்லை, ஆனால் என்னிடம் சொன்ன சொல் வெளியே போயிற்று என்று இந்த வயதுவரை ஒருத்தர் விரல் நீட்டினதில்லை. உன் அத்தை சொன்னதை உன் அப்பாவைப் பெற்ற ஆச்சியிடமோ, ஆச்சி சொன்னதை அத்தையிடமோ நான் கொண்டுபோனதில்லை, நம் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியும். அன்று சாயங்காலம் வழக்கம்போல லேப்டாப்பில் சபைத் தியானத்தைப் பார்த்துவிட்டு, கால் வலியால் அதன் முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி, சின்ன வயதில் பழகினமாதிரி வாய்விட்டு ஜெபித்தேன். பேத்தியின் பெயரையும் சொல்லி, பெயிலானதையும் சொல்லித்தான் கேட்டேன், கர்த்தரிடம் மொட்டையாகக் கேட்க எனக்குத் தெரியாது.

அந்த வாரமே நீ ரேச்சலைப் பிடித்து உலுக்கியிருக்கிறாய். ஆச்சியிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டிருக்கிறாய், மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. அவள் எனக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு குரல் அனுப்பினாள், "ஜெபம் பண்ணத்தான சொன்னேன், ஆச்சி" என்று. அவ்வளவுதான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை, நான் அடித்தாலும் எடுப்பதில்லை. ஜூலையில் அந்தப் பரீட்சை வருகிறது, என்னிடம் ஆசீர்வாதம் வாங்காமல் ஒரு பரீட்சைக்கும் போகாத பிள்ளை அவள். அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கோபமே இல்லை அதில்.

முதலில் பேச்சித்தாய் மேல்தான் சந்தேகம் வந்தது. நான் மாத்திரை போட்டேனா என்று நீ அவள் போனுக்குப் பேசிக் கேட்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய். ஜெப நேரத்தில் அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று நின்று வருவதைக் கவனித்தேன், கேட்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நேரே கேட்டும் விட்டேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஓங்க பேத்தி பாஸானா எனக்குச் சோறா வருது, பெயிலானா எனக்கு அடியா விழுது, நான் எதுக்கு ஆச்சி ஒளிஞ்சு கேக்கேன்?" என்றாள். போகும்போது, சந்தேகம் என் மேல, மீன் குழம்பு மட்டும் என் கையால கேக்குதோ என்றும் ஒரு போடு போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் கொற்கையில் அவள் அக்கா வீட்டில் கோயில் கொடைத் திருவிழா என்று கிளம்பிவிட்டாள். ஆகவே வீட்டில் நானும் அந்த லேப்டாப்பும்தான்.

அன்றைக்குத்தான் புத்தி வேலை செய்தது. பேச்சித்தாய் இல்லை, பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, இப்போது நான் பேசுவது வெளியே போனால் யார் கொண்டுபோனது. ஜெபத்தில் பொய் சொல்லக்கூடாது, அதனால் திறந்திருந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒழுங்காக ஜெபித்து ஆமென் சொல்லி முடித்து, கண்ணைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல் பூவரசை வருகிற வாரம் ஆள் வைத்து வெட்டிவிட வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். உன் அப்பா நட்ட மரம். வேறு எதைச் சொன்னாலும் நீ வாயைக் கட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் உன் போன். சாப்பாடு கேட்டாய், கால் கேட்டாய், பிறகு, "அம்மா, அந்தப் பூவரசுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாய். யார் சொன்னது என்றேன். யாரோ சொன்னாங்க என்று இழுத்தாய். நான் போனை வைத்தேன். நீ சின்னதில் கருப்பட்டியைத் திருடித் தின்றுவிட்டு நிற்கும்போதும் யாரோ என்றுதான் சொல்லுவாய்.

அடுத்த தெரு ஜெயஷீலா, உன்னோடு படித்தவள், சாகுபுரம் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிசம்பரில் நீ வந்தபோது, சபை வீடியோ ஓடவில்லை என்று பிரவுசரில் ஒரு பிளக்-இன் போட்டுத் தந்தாயே, அதன் செட்டிங்ஸைத் திறந்து தமிழில் மாற்றி வைத்தாள். கேமரா, அனுமதி. மைக், எப்போதும் அனுமதி. கேட்காமலே நினைவில் வைத்துக்கொள், அதற்கும் டிக். குடும்ப அறை என்று நீ உண்டாக்கின பக்கம் பின்னால் திறந்தே கிடக்கிறது, நீ அங்கேயிருந்து எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், இங்கே மணி அடிக்காது. நமக்குப் படம் காட்ட வந்த சாமானுக்குக் கண்ணும் காதும் எதற்கு என்று ஜெயஷீலாவிடம் கேட்டேன், அவள் உன் பெயரைச் சொல்லாமல் சும்மா சிரித்தாள். ஜனவரியிலேயே அந்தக் கேமராக் கண்ணின் மேல் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி வைத்து, இனி எவனும் பார்க்க முடியாது என்று பெருமையாக இருந்தேன். கண்ணை மூடிவிட்டுக் காதைத் திறந்து வைத்திருக்கிறேன். பட்டியலில் பெயர் தெரியாத ரெண்டு பக்கத்துக்கும் மைக் அனுமதி போயிருந்தது, அவர்கள் எதைக் கேட்டார்களோ தெரியாது.

அனுமதி எல்லாவற்றையும் என் விரலால் நானே மாற்றினேன், அதற்குமேல் ஜெயஷீலாவைத் தொடவிடவில்லை. தெரியாத ரெண்டையும் தடுத்தாயிற்று. சபைப் பக்கம் படம் காட்டலாம், என்னைக் கேட்கக்கூடாது. உன் குடும்ப அறை ஒவ்வொரு தடவையும் என்னிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த பழைய குப்பையையும் அழித்துவிட்டேன், தியானம் முடிந்ததும் மூடி வைக்கிறேன். நீயும் ரேச்சலுடைய கம்ப்யூட்டரில் இதுபோல ஏதாவது வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. வைத்திருக்க மாட்டாய் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் நீ பயந்திருப்பாய், அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கத்தான் வந்திருப்பாய், அதை நம்புகிறேன். என் குரல் கேட்டதும் போயிருக்க வேண்டும், உட்கார்ந்து முழுவதும் கேட்டிருக்கக்கூடாது. எத்தனை நாள் கேட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன்னைப் பற்றியும் கர்த்தரிடம் பேசியிருக்கிறேன், அதையும் கேட்டிருப்பாய். அது உனக்குச் சொன்னது இல்லை, அதற்கு நான் விளக்கம் தர மாட்டேன்.

பேச்சித்தாய் கொடை முடிந்து வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன், ஓங்க மவன்தானாக்கும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் பாட்டுப் படித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவள் பக்கம் தீர்ந்தது. ரேச்சல் பக்கம்தான் தீரவில்லை. அதை நான் சொன்னால் தப்பிக்கச் சொல்வதுபோல இருக்கும், நீதான் சொல்ல வேண்டும். ஆச்சி சொல்லவில்லை, நான்தான் ஒளிந்து கேட்டேன் என்று பரீட்சைக்கு முன்னால் உன் வாயால் அவளிடம் சொல்லு. பெயிலானதற்காக மறுபடி ஒரு வார்த்தை பேசாதே. சொல்லிவிட்டு ரெண்டு பேருமாகக் குடும்ப அறைக்கு வாருங்கள், இங்கே சின்னப் பெட்டி வந்து அனுமதிக்கலாமா என்று கேட்கும். முதலில் உன் பக்கத்துப் படத்தைப் பார்ப்பேன். அதில் ரேச்சல் முகம் இருந்தால் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு அனுமதி கொடுப்பேன், அன்றைக்கு வாய்விட்டே ஜெபிப்பேன், அவள் கேட்கட்டும். நீ மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால் தடு என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

உன்னைப் பெற்ற அம்மா,
ஞானபாக்கியம்

பி.கு.: பூவரசை வெட்டவில்லை. மஞ்சளாகப் பூத்திருக்கிறது.