அத்தையும் நானும் படகேறப் போகிறோம்

ஏகநாதன் அவர்களுக்கு,

நீங்கள் விழிக்கும்போது அத்தையும் நானும் ஊட்டி ரயிலில் இருப்போம். ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் உங்கள் சித்தப்பா குடும்பம் படகு இல்லத்துக்கு வேனில் புறப்படுமுன், அவர்களுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். புளிக்காய்ச்சல் ஜாடியில் இருக்கிறது. சோற்றை நீங்களே வடிக்க வேண்டும். கஞ்சி வடிக்கும்போது கை கவனம். நீங்களும் வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜூடித்திடம் கொடுத்துவிடுங்கள்.

"அம்மாவும் கெளம்பிட்டா சோறாக்கறது ஆரு?" என்று நேற்று கேட்டீர்கள். இதுவே என் விடை. ஒவ்வொரு சீசனிலும் நாம் எடுத்த படகுப் படங்களைப் பார்த்தேன். உறவினர் அனைவரும் இருக்கிறார்கள். உங்களைப் பெற்ற அத்தை ஒன்றில்கூட இல்லை. ஓர் இலக்கியப் பிரதியில் விடுபட்டவர் யார் என்று கேட்பதே விமரிசனத்தின் முதல் வேலை என என் ஆய்வேட்டில் எழுதுகிறேன். அதை வீட்டில் கேளாதிருந்தால் அந்த ஆய்வுக்குப் பொருளில்லை. கோபமிருந்தால் என்னிடம் காட்டுங்கள், அத்தையிடம் வேண்டாம்.

சுலோச்சனா

பி.கு.: இரவுச் சமையலுக்குள் திரும்பிவிடுவோம் என்று எழுதவா எனக் கேட்டேன். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே அத்தை சொன்னார்: "ராத்திரிக்கும் அவனையே ஆக்கச் சொல்லு கண்ணு."