யாரும் நம்பாத நம்முடைய ஊர்

என் பாசமுள்ள சூசையண்ணா,

நீ போய் இது இரண்டாவது தவக்காலம். பேச ஆளில்லாமல், சோறு கொதிக்கும் சத்தத்துக்குக்கூட "ம்" கொட்டப் பழகிவிட்டேன். சிரிக்காதே.

ஒரு சேதி. நீ ஆயுசு முழுக்க எதற்குப் பயந்தாயோ, அதை நானே போய்ச் செய்துவிட்டேன். இலங்கைப் போருக்குத் தப்பி, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் வள்ளத்தில் வந்தவள் நான், இங்கேயே இருக்க அனுமதி கொடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறேன். பிடிபட்டபின் சொல்வதைவிட நாமாகச் சொல்வது மேல் என்றார் வக்கீலம்மா. நம்பினால் அனுமதி. நம்பாவிட்டால் வழக்கு, சிறப்பு முகாமுக்கும் அனுப்பலாம். இந்த வயதில் பூட்டிய கதவுக்குள் போய் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

ஆனால் வந்த இடைஞ்சல் வேறு. முகாமில் பதிந்தால் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து என்னை நேரே காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்தாய். சாயப்பட்டறையில் வேலை கிடைத்த அன்றே ஒரு சட்டம் போட்டாய். மன்னார்ப் பேச்சு வீட்டுக்குள்ளும் கூடாது. "இங்க" என்பதற்கு "இஞ்சை" என்று தவறி வந்தால் முறைப்பாய். ஊரோடு ஒத்து வாழ் என்பாய். நாமும் வந்துக்கினு, போய்க்கினு என்று பேசி நம் தெரு ஐயம்பேட்டைக்காரர்களையே தோற்கடித்தோம்.

இப்போது விசாரிக்க வந்த அதிகாரியிடம் தெருவே சாட்சி சொல்லிவிட்டது, நாம் இதே காஞ்சிபுரத்து ஓரிக்கைப் பக்கத்து ஆட்கள் என்று. நீ அவிழ்த்துவிட்ட பொய்தானே அது? எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அதையே அடித்துச் சொன்னார்கள். நான் நம் பேச்சில் பேசிக் காட்டப் போனேன். வாயில் வரவில்லை. "நீங்க பேசுறது சுத்தமா இந்த ஊர்ப் பேச்சும்மா" என்றார் அதிகாரி.

இந்த ஊர்க்காரி என்பதற்கும் ஆதாரமில்லை, அந்த ஊர்க்காரி என்பதற்கும் ஆதாரமில்லை. அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தை நான் யாரிடம் சொல்ல? நம் பேச்சில் என்னைத் திட்டவாவது ஒரு ஆள் மிச்சமிருக்கிறதா?

மறுநாள் எதிர்வீட்டு சரோஜா தானாகவே என்னோடு வக்கீலம்மாவிடம் வந்தாள். உன் கடைசி வாரத்தில், நான் பட்டுக்கடை வேலைக்குப் போன பகல்களில், ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"ஜுரத்துல பேசிக்கினே இருந்தாரும்மா. எங்க பேச்சு இல்ல அது. 'இறங்காதை தங்கச்சி, கரை இன்னும் வரேல்லை'ன்னு சொல்லிக்கினு என் கைய வுடவே இல்ல. எனக்கு அப்பவே தெரியும். அவங்களா சொல்லாதத நான் எதுக்குக் கேக்கணும்?"

அது எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வள்ளக்காரன் நம்மை நடுக்கடல் மணல்திட்டில் இறங்கச் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது. இத்தனை வருஷம் எனக்குத் தராத அந்தப் பேச்சைச் சரோஜாவிடமா கொடுத்துவிட்டுப் போனாய்? அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா?

அதையே அதிகாரியிடமும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. போலீஸ் வண்டி தெருவில் திரும்பினால் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறேன். சரோஜா வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் போனதும் வீடு பழையபடி ஆகிவிடுகிறது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள், பழையபடி ஓரிக்கை என்றே சொல்லிக்கொண்டு இரு என்கிறார்கள் சிலர். மாட்டேன். இனி எவர் கேட்டாலும் மன்னாரில் நம் ஊர் பேசாலை என்றுதான் சொல்வேன். கரை வரும்வரைக்கும் இறங்க மாட்டேன் அண்ணா.

பேசாலையில் பிறந்த
உன் தங்கச்சி